ரோமிலிருந்து ஒரே ஒரு நாள்: முட்டிவலி அம்மாவோடு எந்தக் குன்றூருக்குப் போகலாம்?

பாபநாசத்தான் கேட்கிறார்:

அக்டோபர் இரண்டாவது வாரம் அப்பா அம்மாவோடு ரோம் வருகிறேன். ஆறு நாள். வாடிகன், கொலோசியம் எல்லாம் போக ஒரு நாள் மிச்சம் இருக்கிறது. அந்த ஒரு நாளில், படங்களில் பார்ப்போமே, குன்று உச்சியில் கல்வீடுகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்குமே, அப்படி ஒரு ஊரைக் காட்டிவிட ஆசை.

எங்கள் நிலவரம் இது. அம்மாவுக்கு 63 வயது, வலது முட்டியில் தேய்மானம். சமதரையில் எவ்வளவு தூரமும் நடப்பார். படி என்றால் முகம் மாறிவிடும். அப்பா ரிட்டையர்டு கணக்கு வாத்தியார், சுத்த சைவம், முட்டையும் கிடையாது. கண்ணில் படுவதையெல்லாம் எண்ணுகிற பழக்கம் வேறு. நான் பெங்களூரில் தினமும் கார் ஓட்டுகிறவன்தான், ஆனால் சாலையின் வலப்பக்கம் ஓட்டியதில்லை. அம்மா அப்பாவை வைத்துக்கொண்டு அங்கே போய்ப் பழக மனசில்லை.

ஒரு டூர்க்காரர் சியன்னா, சான் ஜிமிஞ்ஞானோ, பீசா மூன்றையும் ஒரே நாளில் காட்டுகிறேன் என்கிறார். காலை 7 மணிக்கு பஸ் ஏற்றி ராத்திரி கொண்டுவந்து விடுவாராம். அம்மாவிடம் சொன்னேன். "திருச்செந்தூர், சுசீந்திரம், கன்னியாகுமரி ஒரே நாள்ல போனோமே, அந்த மாதிரியா? அன்னைக்கு நான் பார்த்தது டிரைவர் முதுகு மட்டும்தான்" என்றார்.

ஆக, ஒரு ஊர், மெதுவாக. எது?

ஹைவேராணி:

கார் இல்லாமல் பார்க்கிற குன்றூர் பாதி குன்றூர்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் அப்படிச் சுற்றிக் கெட்டுப்போனவள். சியன்னாவுக்குத் தெற்கே வால் டோர்ச்சா பள்ளத்தாக்கு. ரோமிலிருந்து இரண்டரை மணி நேரம். அங்கே பியென்ஸா என்று ஒரு ஊர், கைக்குட்டை அளவு. அதில் பிறந்த ஒருவர் இரண்டாம் பயஸ் என்ற பெயரில் போப் ஆனார். தான் பிறந்த கிராமம் இவ்வளவு அழுக்காக இருக்கலாமா என்று ரோசெல்லீனோ என்ற கட்டடக் கலைஞரை வரவழைத்து 1459ல் வேலையை ஆரம்பித்தார். மூன்றே வருஷத்தில் சர்ச், அரண்மனை, சதுக்கம் எல்லாம் எழும்பிவிட்டன. கோர்சிஞ்ஞானோ என்ற பழைய பெயர் போய், பயஸின் ஊர் என்ற பொருளில் பியென்ஸா ஆனது. மெயின் தெருவில் நடந்தால் கடைக்குக் கடை ஆட்டுப்பால் சீஸ் வாசம். அம்மாவுக்குத் தோதான ஊர், உள்ளே பெரும்பாலும் சமதரை.

அப்புறம் பாஞ்ஞோ விஞ்ஞோனி. ஊரின் நடுச்சதுக்கமே ஒரு தெப்பக்குளம், அதில் வெந்நீர் ஊற்று. குளிரும் காலையில் ஆவி பறக்க நிற்கும். அதில் இறங்க விடமாட்டார்கள், சுற்றி உட்காரலாம்.

ஒரே எச்சரிக்கை. பழைய ஊர் வாசல்களில் வெள்ளை வட்டத்துக்குச் சிவப்பு விளிம்பு போட்ட ஒரு போர்டு இருக்கும். அதைத் தாண்டினால் கேமரா படம் பிடித்துவிடும். உள்ளூர்க்காரர் வண்டி தவிர வேறெதற்கும் அனுமதி இல்லை. நான் ஓர் ஊரில் பார்க்கிங் தேடிக்கொண்டே அந்தப் போர்டுக்குள் மூன்று தரம் போய் வந்திருக்கிறேன். எட்டு மாதம் கழித்து சென்னை வீட்டுக்கு மூன்று தபால் வந்தது. ஒவ்வொரு தடவைக்கும் தனி அபராதம்.

பாபநாசத்தான்:

அக்கா, தபால் கதையோடு என் கார் ஆசை முடிந்தது.

வைகைக்கரை:

பியென்ஸாவுக்குப் பக்கத்து ஊர் மோன்டேபுல்ச்சானோ. 1606ல் மதுரைக்கு வந்து, காவி கட்டி, சைவம் சாப்பிட்டு, தமிழில் எழுதிய தத்துவ போதகர் ராபர்ட் டி நொபிலியின் குடும்பத்துக்கு வேர் அந்த ஊர்தான். மேல்சதுக்கத்தில் நொபிலி பெயரோடு ஓர் அரண்மனை இன்றும் நிற்கிறது. ரயிலில் போவதானால் கியூசி ஸ்டேஷனில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். ஆனால் கீழ்வாசலிலிருந்து மேல்சதுக்கம் வரை தெரு முழுக்க ஏற்றம். ஆகஸ்டு கடைசி ஞாயிறு அந்த ஏற்றத்தில் 80 கிலோ ஒயின் பீப்பாய்களை உருட்டிக்கொண்டு ஓடுகிற பந்தயமே நடக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு வேண்டாம். அப்பாவுக்குத் தகவலாக மட்டும் சொல்லுங்கள்.

ரிட்டையர்டு ஓவர்சியர்:

தம்பி, பையன் ரோமில் வேலையில் இருப்பதால் நான்கு தடவை வந்துவிட்டேன். நான்கு தடவையும் ஓர்வியேட்டோ போனேன். என் வீட்டம்மாவுக்கும் முட்டிதான். எனவே இதை நேரில் அளந்து போட்ட எஸ்டிமேட் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ரோமா டெர்மினியில் ரீஜனல் வண்டி ஏறினால் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். இருக்கை எண் கிடையாது, எப்போது வாங்கினாலும் ஒரே விலை, முன்பதிவுக் கவலை இல்லை. ஆனால் காகித டிக்கெட் என்றால் ஏறுமுன் பிளாட்பாரத்தில் இருக்கும் குட்டி மெஷினில் நுழைத்து முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். டிக்கெட் கையில் இருந்தும் குத்தாமல் ஏறினால் அபராதம். 33 வருஷம் கவர்ன்மென்ட் முத்திரையோடு வாழ்ந்தவன் நான், முதல் பயணத்தில் அதைக் கோட்டைவிட்டேன்.

ஸ்டேஷன் கீழே, ஊர் மேலே. ஸ்டேஷன் எதிரிலேயே பழனி விஞ்ச் போல ஒரு கேபிள் ரயில் உண்டு. உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் 150 மீட்டருக்கு மேல் ஏற்றிவிடும், படியே மிதிக்க வேண்டாம். இது 1888ல் போட்டது. கரண்டு இல்லாமல் அன்று எப்படி இழுத்தார்கள்? மேலே நிற்கும் பெட்டிக்கு அடியில் உள்ள தொட்டியில் தண்ணீர் நிரப்புவார்கள். கனம் கூடி அது இறங்கும்போது, அதே கயிற்றின் மறுமுனையில் இருக்கும் பெட்டி ஏறிவிடும். கீழே வந்ததும் தண்ணீரைத் திறந்துவிட்டால் தீர்ந்தது. 1970ல் நிறுத்திவிட்டார்கள். 1990ல் மின்சாரத்தில் மறுபடி ஓடத் தொடங்கியது. நமக்கு இப்போது கிடைப்பது அந்த மின்சார வண்டிதான், எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

மேலே இறங்கியதும் வந்த கூட்டம் மொத்தமும் மினி பஸ்ஸில் தொற்றிக்கொண்டு கதீட்ரலுக்கு ஓடும். நீங்கள் ஓடாதீர்கள். கதீட்ரலின் முகப்பு மேற்கே பார்த்தது. காலையில் நிழலில் கிடக்கும். அதிலிருக்கும் தங்க மொசைக் விழித்துக்கொள்வது சாயங்காலம்தான். காலையில் பார்த்துவிட்டுப் பரவாயில்லை என்று திரும்பியவர்களை என் வீட்டிலேயே காட்டுவேன். முதல் தடவை நாங்களே அப்படித்தான் போனோம்.

இறங்கின இடத்துக்குப் பக்கத்திலேயே பழைய கோட்டை இருக்கிறது. இப்போது அது பூங்கா, காசு கிடையாது. பெஞ்சு உண்டு, மரநிழல் உண்டு, கீழே பாலியா ஆறும் நீங்கள் வந்த ரயில் பாதையும் தெரியும். அம்மாவை அங்கே உட்கார வைத்துவிட்டு, அப்பாவைக் கூட்டிக்கொண்டு பக்கத்துக் கிணற்றுக்குப் போங்கள். அந்தக் கிணற்றுக்காகத்தான் நான் நான்கு தடவை போனேன் என்று வீட்டில் குற்றச்சாட்டு. முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன்.

1527ல் ரோம் நகரம் சூறையாடப்பட்டபோது ஏழாம் கிளமென்ட் போப் தப்பி வந்து ஒளிந்த ஊர் இது. செங்குத்துப் பாறை மேல் ஊர், எதிரி ஏற முடியாது. ஆனால் முற்றுகை போட்டால் தண்ணீர்? சங்கல்லோ என்ற இன்ஜினீயரைக் கூப்பிட்டார்கள். அவர் 13 மீட்டர் அகலத்தில் 53 மீட்டர் ஆழத்துக்குக் கிணறு இறக்கினார். 1537ல்தான் முடிந்தது, அதற்குள் அந்தப் போப்பே இல்லை. ஆழம் பெரிதில்லை தம்பி, படிதான் பெரிது. கிணற்றுச் சுவருக்குள்ளேயே இரண்டு சுழல்படிகள், ஒன்றோடொன்று பின்னி, எங்கும் ஒட்டாமல் இறங்குகின்றன. ஒன்றில் தண்ணீர்க் குடத்துக்கான கோவேறு கழுதைகள் இறங்கும், அடியில் ஒரு சின்னப் பாலம் தாண்டி, மற்றதில் ஏறி வெளியேறும். இறங்குகிறதும் ஏறுகிறதும் வழியில் முட்டிக்கொள்ளவே செய்யாது. ஒரு வழிப்பாதையை 500 வருஷத்துக்கு முன் கிணற்றுக்குள் போட்டிருக்கிறான். ஒவ்வொன்றிலும் 248 படி. கழுதைக்காகப் போட்டதால் தாழ்வான, அகலமான படிகள். ஆனாலும் உங்கள் அம்மாவுக்கு வேண்டவே வேண்டாம். இறங்கினது மொத்தமும் ஏறித்தான் ஆக வேண்டும். உள்ளே குளிரும், அப்பாவை ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

நாள் உங்கள் கையில் என்றால் வியாழனோ சனியோ போங்கள். காலையில் பியாஸா டெல் போபோலோ என்ற சதுக்கத்தில் சந்தை கூடும். மதியம் 1 மணிக்குள்ளேயே சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிடுங்கள். இரண்டரைக்குப் பல சமையல்கட்டு மூடிவிடும், பிறகு ராத்திரி ஏழுக்கு மேல்தான் அடுப்பு.

அப்பா சாப்பாடு எளிது. உம்பிரிக்கெல்லி என்று அந்தப் பக்கத்துப் பாஸ்தா, கையால் உருட்டிய தடி நூல். வெறும் மாவும் தண்ணீரும்தான், முட்டை சேராது. பூண்டும் எண்ணெயும் மிளகாயும் போட்டுத் தாளித்துக் கேளுங்கள். சீஸ் தூவ வேண்டாம் என்பதற்கு 'சென்ஸா ஃபொர்மாஜோ' என்று சொல்லுங்கள். இங்கே பல சீஸைப் பால் திரிய வைப்பதே ஆட்டுக்குட்டி, கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட்டால். வெஜிடேரியன் என்று எழுதியிருந்தாலும் அதை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. ரொட்டியில் உப்பு இருக்காது. மறந்துவிட்டார்கள் என்று சமையற்காரரைக் கூப்பிடாதீர்கள், அந்த ஊர் வழக்கமே அப்படி. பில்லில் கொபெர்தோ என்று தலைக்கு இவ்வளவு என ஒரு வரி வரும். ஏமாற்று இல்லை, மேஜை விரிப்புக்கும் ரொட்டிக்கும்.

சாப்பிட்டதும் கடையெல்லாம் ஷட்டர் இறங்கும். அந்த நேரத்தைப் பார்க்கத்தான் நீங்கள் அவ்வளவு தூரம் போகிறீர்கள் என்பது என் அபிப்பிராயம். சந்துகளில் நடங்கள், தாழ்வாகச் செம்பழுப்புக் கற்சுவர். எரிமலைச் சாம்பல் இறுகின மென்கல் அது. மேலே அந்தக் கல், அதற்குக் கீழே களிமண். எங்கள் டிபார்ட்மென்டில் இப்படி ஒரு அஸ்திவாரத்துக்கு எவனும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டான். பாறை சரியாமல் காப்பாற்ற 1978ல் தனிச் சட்டமே போட்டார்கள். போதாதற்கு ஊருக்கு அடியில் 1200 குகைகள் தோண்டி வைத்திருக்கிறார்கள், சுவர் முழுக்க புறாக் கூடுகளுக்கான சதுரப் பொந்துகள். புறா வெளியே பறந்துபோய்த் தானே மேய்ந்துவிட்டு வீடு திரும்பும், இவர்கள் சாப்பிடுவார்கள். தீனிச் செலவே இல்லாத கோழிப்பண்ணை.

நாலரைக்கு கதீட்ரல். தோள் மூடின உடை வேண்டும்.

உருளும்கல்:

ஓவர்சியர் சார் சிவிட்டாவை ஏன் சொல்லவில்லை? ஓர்வியேட்டோவிலிருந்து பஸ்ஸில் பாஞ்ஞோரேஜோ போனால் அங்கிருந்து நடந்துவிடலாம். சுற்றிலும் மண் சரிந்துபோய், நடுவில் ஒற்றைத் தூணாக நிற்கிற ஊர். நுழைய ஒரே வழி ஒரு நடைபாலம். நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் பத்துப் பதினைந்து பேர்தான். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தவன் நான்.

ரிட்டையர்டு ஓவர்சியர்:

கேட்டது முட்டிவலி அம்மாவுக்கு. அந்தப் பாலம் 300 மீட்டர், கடைசிப் பகுதி சரேலென்று ஏறும். ஞாயிற்றுக்கிழமை அந்த பஸ்ஸும் கிடையாது. ஊர் அழகுதான், மறுக்கவில்லை. தனியாகப் போகிற வயசில் போய்வாருங்கள். "இரண்டையும் ஒரே நாளில்" என்று நீங்கள் சொல்லும்போது டிரைவர் முதுகு எனக்குத் தெரிகிறது.

பாபநாசத்தான்:

போய்விட்டு வந்தோம். வியாழன்தான் போனோம், சார்.

ஒன்பது மணி வண்டி பத்து நிமிஷம் லேட். முத்திரை குத்தினோமா என்று அப்பா மூன்று பேர் டிக்கெட்டையும் இரண்டு தரம் சரிபார்த்தார். கேபிள் ரயிலில் அம்மா ஜன்னல் பக்கம் இடம் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக் கதையை நான் சொல்ல ஆரம்பிப்பதற்குள் மேலே வந்துவிட்டோம்.

சந்தையில் திராட்சை, புது செஸ்ட்நட், பேரிச்சம்பழம் போல இனிக்கிற ஒரு காக்கிப்பழம். ஓரத்தில் ஒரு வேனில் முழுப் பன்றியைத் தலையோடு சுட்டுப் படுக்க வைத்து, ரொட்டிக்கு நடுவே வெட்டி வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா நேராக வந்தவர், அப்படியே அரைவட்டம் அடித்துத் திரும்பி வேறு தெருவில் போய்விட்டார். கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

திரும்ப நடந்து கோட்டைப் பூங்காவுக்கு வந்தோம். கிணற்றுக்கு நானும் அப்பாவும் போனோம். அம்மா செஸ்ட்நட் பொட்டலத்தோடு பெஞ்சில். நாங்கள் மூச்சிரைக்கத் திரும்பியபோது சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பவில்லை. அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்தார். கீழே ரயில்கள் போய் வந்தன. முக்கால் மணி நேரம் ஓர்வியேட்டோவில் நாங்கள் செய்தது அவ்வளவுதான். ஆறு நாளில் நாங்கள் அவசரப்படாத முதல் முக்கால் மணி நேரம் அது.

உம்பிரிக்கெல்லியை அப்பா "இது தடி இடியாப்பம்" என்று ஏற்றுக்கொண்டார். உப்பில்லாத ரொட்டி வந்ததும் அம்மா கைப்பையிலிருந்து எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலை எடுத்தார். நான் வெட்கத்தில் மேஜைக்குக் கீழே போகப் பார்த்தேன். பரிமாறுகிற பெரியவர் வந்து பார்த்து, விரல் நுனியில் தொட்டு நக்கி, கண்ணை மூடினார். உள்ளே போய் இன்னொருவரைக் கூட்டிவந்தார். பாட்டிலில் கால்வாசி அங்கேயே போயிற்று.

மூன்று மணிக்கு தெருவே காலி. "ஊரே சாப்பிட்டுட்டுத் தூங்குது, நல்ல ஊர்" என்று அம்மா சர்ட்டிபிகேட் கொடுத்தார். உள்ளூர்ச் சுவரில் நத்தை படம் போட்ட ஒரு பலகை. 1999ல் ஆரம்பித்த மெதுநகர இயக்கத்தின் சின்னமாம், அதற்குத் தலைமையகமே இந்த ஊரில்தானாம். அம்மாவுக்கு அதன் பக்கத்தில் நின்று படம் வேண்டும் என்றார். எடுத்தேன்.

கதீட்ரல். 1290ல் ஆரம்பித்தது. பக்கச்சுவர் வெள்ளையும் கறுப்புமாக வரிவரியாக இருக்கும் என்று நீங்கள் சொல்லவில்லை சார். அப்பா வரியை எண்ண ஆரம்பித்து, கழுத்து வலித்து, பாதியில் விட்டார். சதுக்கத்துக்கு எதிர்ச்சுவர் ஓரம் கல்திண்ணை மாதிரி நீளமாக இருந்தது, அதில் உட்கார்ந்தோம். ஐந்து மணிக்கு மேல் அந்த முகப்பு மாறினது நிஜம். நம் கண்ணெதிரிலேயே யாரோ விளக்கேற்றிக்கொண்டு வருவது போல, கீழிருந்து மேலே ஒவ்வொரு முக்கோணமாகப் பொன் பிடித்தது. மூலையில் ஒரு கோபுரத்தில் வெண்கல மனிதன் ஒருவன் சுத்தியால் மணி அடித்தான். 1348லிருந்து அடிக்கிறானாம். கதீட்ரல் கட்டிய கொத்தனார்களுக்கு வேலை நேரம் சொல்ல வைத்தது என்றதும் அப்பாவுக்கு மகா சந்தோஷம். பள்ளிக்கூட மணி ஞாபகம் வந்திருக்கும்.

உள்ளே வலது பக்க சேப்பலில் சிஞ்ஞோரெல்லி 1499லிருந்து ஐந்து வருஷம் வரைந்த சுவர்ச்சித்திரங்கள். ஒன்றில் இரண்டு தேவதூதர்கள் மேலே நின்று எக்காளம் ஊத, கீழே செத்தவர்களெல்லாம் தரையைப் பிளந்துகொண்டு எழுந்து வருகிறார்கள். சிலர் இன்னும் எலும்புக்கூடாக, சிலர் முழு உடம்போடு. கையைத் தரையில் ஊன்றி, காலை மடித்து மேலே தூக்கி வருகிற ஒவ்வொருவரையும் அம்மா ரொம்ப நேரம் பார்த்தார். பக்தியில் நிற்கிறார் என்று நினைத்தேன். "எழுந்திரிக்கிறவன் ஒருத்தனுக்காவது முட்டிவலி இருக்கா பாரு" என்றார்.

ராத்திரி எட்டு மணிக்கு முன்னால் ரோம் வந்துவிட்டோம். வைகைக்கரை அண்ணன் சொன்ன நொபிலி கதையை அப்பா ரயிலில் முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தார். அடுத்த தடவை மோன்டேபுல்ச்சானோ என்கிறார். ஹைவேராணி அக்கா, கார் ஓட்ட நீங்கள் வருகிறீர்களா?

சார், ஒரே ஒரு சந்தேகம். கிணற்றில் அப்பா இறங்கும்போதும் எண்ணினார், ஏறும்போதும் எண்ணினார். இரண்டு தடவையும் 247தான் வருகிறது. நீங்கள் 248 என்றீர்கள். ஹோட்டலுக்கு வந்தும் தூங்கவில்லை.

ரிட்டையர்டு ஓவர்சியர்:

வாசலை ஒட்டி ஒரு படி தரையோடு தரையாக இருக்கும். அதை அவர் விட்டிருப்பார். முதல் தடவை எனக்கும் 247தான் வந்தது. அதற்காகத்தான் இரண்டாவது தடவை போனேன் என்று வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அப்பாவிடமும் சொல்ல வேண்டாம், அவரே போய்க் கண்டுபிடிக்கட்டும்.